எகோன் சொன்ன நாலு வேண்டாம்

எகோன் ஒரு சபதம் எடுத்தான். உடம்பில் உயிர் இருக்கும்வரை எந்த மலையின் உச்சியிலும் கால் வைப்பதில்லை. சபதம் எடுப்பது சுலபம், அதைப் பெண்டாட்டியிடம் சொல்வதுதான் கஷ்டம். ஆகவே அவன் சொல்லவில்லை.

அவன் பிறந்தது ஆஸ்திரியாவின் கிழக்கு ஓரத்தில், ஏரிக்கரையில். கோழி குப்பைமேட்டில் ஏறி நின்றால் அதுதான் ஊரிலேயே உயரமான இடம். அப்படிப்பட்டவன் டிரோல் மலைக்காரி புர்கியைக் கண்டு மயங்கி, அவள் ஊரிலேயே மூக்குக்கண்ணாடிக் கடை போட்டு உட்கார்ந்துவிட்டான். சன்னலைத் திறந்தால் மலை. கதவைத் திறந்தால் மலை. கூரையிலிருந்து பனி வழுக்கிப் பொத்தென்று விழுந்தால்கூட எகோன் மேஜைக்கு அடியில் இருப்பான்.

இந்த லட்சணத்தில்தான் கல்யாண நாளுக்குப் புர்கி ஒரு உறையை நீட்டினாள். பனிமலையேற்றப் பயிற்சி, தொடக்க நிலை, இரண்டு பேருக்கு.

"எதுக்குப் புர்கி இதெல்லாம்? ஒரு ஸ்வெட்டர் போதுமே!"

"ஸ்வெட்டர் அலமாரி நெறைய இருக்கு. தைரியம்தான் இல்ல. அது கடையில கிடைக்கல, அதான் இது."

"கம்பி லிஃப்ட்ல ஏறிப் போய் பனியில சறுக்கி இறங்குறோமே, அது போதாதா?"

"நீ எங்கடா இறங்குற? உன்னை இறக்குறாங்க."

புர்கி மூன்று வயதிலிருந்து சறுக்குகிறவள். ஆனால் லிஃப்ட் போகாத மலையில் சொந்தக் காலால் ஏறி இறங்குவது அவளுக்கும் புதுசு. அவள் அப்பா இருந்தவரை விடவில்லை. எகோன் அந்த மாமனாரை அன்றுதான் முதன்முதலாக மனசார நினைத்து ஏங்கினான்.

பயிற்சிக்குச் சேர்ந்த குழுவின் வழிகாட்டி பெயர் மாக்னுஸ். வெயிலில் வெந்த முகம். சிரித்தால் பனியைவிடப் பற்கள் வெளுப்பு. ஆயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால் யாரும் யாரையும் 'நீ' என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது அந்த மலைகளின் வழக்கம். வழக்கம் எகோனுக்கும் தெரியும். இருந்தாலும் மாக்னுஸ் முதல் நாளே புர்கியைப் பார்த்து, "நீ அருமையா ஏறுற!" என்றபோது அந்த 'நீ' கொஞ்சம் நீளமாக இருந்ததாக அவனுக்குப் பட்டது.

அதோடு விட்டானா மாக்னுஸ்? "ஏப்ரல்ல ஒரு வாரப் பயணம் இருக்கு. மலைமேல இருக்கிற விடுதி விடுதியா போவோம். இந்தப் பயிற்சியில ஒரு உச்சியாவது தொட்டவங்களுக்குத்தான் அதுல இடம்" என்றான்.

"ஒரு வாரமா!" என்று புர்கி பெருமூச்சு விட்டாள். அவள் கண்கள் எங்கோ போயின.

எகோன் கணக்குப் போட்டான். ஒரு வாரம், அந்தப் பல்லோடு! குழுவே உச்சி தொடாவிட்டால் புர்கிக்கும் இடமில்லை, யாருக்கும் இடமில்லை. சபதம் இப்போது இரண்டு மடங்கு கெட்டியானது.

பயிற்சியில் அவன் மக்கு என்று சொல்லமுடியாது. சறுக்குப் பலகையின் அடியில் முடித்தோலை ஒட்டினால் பின்னால் வழுக்காமல் மேலே ஏறலாம். கற்றுக்கொண்டான். எந்தச் சரிவு எவ்வளவு செங்குத்து என்று அளக்கக் கற்றுக்கொண்டான். பனிச்சரிவில் யாராவது புதைந்தால் தேட, ஆளுக்கொரு கருவியை மார்பில் கட்டிக்கொள்ளவேண்டும். 'அனுப்பு' என்று வைத்தால் புதைந்தவன் இருக்குமிடம் சொல்லும், 'தேடு' என்று வைத்தால் மற்றவர்கள் கருவி பீப் பீப் என்று அவனிடம் கூட்டிப் போகும். இதை மட்டும் எகோன் தேவைக்கு அதிகமாகவே கற்றுக்கொண்டான். கருவியைக் கட்டிக்கொண்டே தூங்கினான். புர்கி தேவாலயத்துக்குக் கிளம்பினால் வாசலில் மறித்து நிற்பான்.

"ஒவ்வொருத்தரா நடந்து வரணும். உன்னோடது அனுப்புதான்னு பார்க்கணும்."

"ஒவ்வொருத்தரான்னா? நான் ஒருத்திதானே இருக்கேன்!"

"அப்ப ஒருத்தியா வா."

காலையில் காபிக்கு முன்னால் பனிச்சரிவு அறிக்கை. அதையும் அவளை எழுப்பி உட்காரவைத்துச் சத்தமாக வாசிப்பான்.

"இன்னைக்கு அஞ்சுல ரெண்டாம் நிலை, புர்கி. மிதமான ஆபத்தாம்."

"இப்பவே விளக்கை அணைக்கலேன்னா அஞ்சாம் நிலை."

அவன் தேடிக்கொண்டிருந்த ஆயுதத்தைக் கடைசியில் மாக்னுஸே கையில் கொடுத்தான். குழுவை நிறுத்தி, முதன்முறையாகச் சிரிக்காமல் சொன்னான்: "இது ஒண்ணுதான் உண்மையான சட்டம். குழுவுல ஒரே ஒருத்தர் 'வேண்டாம்'னு சொன்னாலும் அந்த வழியில போகமாட்டோம். காரணம் கேட்கக் கூடாது. கிண்டல் பண்ணக் கூடாது. 'நல்ல முடிவு'ன்னு சொல்லிட்டுத் திரும்பணும். பயத்தைச் சொல்ல வெட்கப்பட்டுச் செத்தவங்க நிறைய பேர்."

எகோனுக்குக் கண்ணில் நீர் வந்தது. இப்படி ஒரு அழகான சட்டத்தை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு பாதி மலையில் நின்றான். "எனக்கு மனசு சரியில்ல. வேண்டாம்."

"நல்ல முடிவு!" என்றார்கள் எல்லோரும். திரும்பிவந்து விடுதியில் சூடாக, ப்ளம் பழக்கூழோடு கைசர்ஷ்மாரன் என்ற பிய்த்துப்போட்ட இனிப்பு அப்பம் சாப்பிட்டார்கள். எகோன் இரண்டு தட்டு.

அதற்கடுத்த ஞாயிறும் வேண்டாம். மூன்றாவது ஞாயிறு உச்சியில் நட்டிருந்த சிலுவை கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதும் வேண்டாம். நாலாவது ஞாயிறு வண்டியை விட்டு இறங்கியதுமே வேண்டாம்.

"நல்ல... முடிவு" என்றார் குழுவிலிருந்த தபால்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

புர்கி மட்டும் முகம் சுளிக்கவே இல்லை. அதுதான் எகோனுக்கு உறுத்தியது. வீட்டில் சண்டை வரும் என்று எதிர்பார்த்து மூன்று பதில் தயாரித்து வைத்திருந்தான். மூன்றும் வீணாய்ப் போயின.

"கோபமா புர்கி?"

"எதுக்குக் கோபம்? சட்டம் சட்டம்தானே."

"நிஜமாவே கோபமில்லையா?"

"இல்லடா. தூங்கு. அந்தக் கருவியைக் கழட்டிட்டுத் தூங்கு."

எகோன் தூங்கவில்லை. கோபப்படாத புர்கியோடு அவன் இதுவரை வாழ்ந்ததில்லை.

கடைசி ஞாயிறு வந்தது. அறிக்கையில் முதலாம் நிலை. குறைந்த ஆபத்து. வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை, காற்றில்லை. எகோனுக்கு ஆத்திரமாக வந்தது. வண்டியடியிலேயே வேண்டாம் என்றால் தபால்காரர் அடித்துவிடுவார் போலிருந்தது. சரி, கொஞ்சம் ஏறிவிட்டுச் சொல்லலாம் என்று முடிவு செய்தான். வழியில் ஒரு குறுகலான வெள்ளைச் சரிவு. ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். அதைத் தாண்டி அகலமான மேடு. அதற்கு மேலே, எட்டிப்பிடிக்கிற தூரத்தில், உச்சிச் சிலுவை.

எகோன் தொண்டையைச் செருமினான். "மன்னிக்கணும். எனக்கு மனசு சரியில்ல. மேல வேண்டாம்."

"நல்ல முடிவு" என்றான் மாக்னுஸ். சட்டத்தைச் சொன்னவன் ஆயிற்றே. "திரும்புங்க எல்லாரும். வந்த வழியே போவோம்."

"வேண்டாம்" என்றாள் புர்கி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எது வேண்டாம்?" என்றான் எகோன்.

"திரும்பி அந்தச் சரிவு வழியா போறது. எனக்கு மனசு சரியில்ல."

"இப்பத்தானே அது வழியா வந்தோம்!"

"ஆமா."

"வரும்போது நல்லாத்தானே இருந்துச்சு!"

"வரும்போது இருந்துச்சு."

"இப்ப என்ன ஆச்சு? என்ன பார்த்த? சொல்லேன்!"

"காரணம் கேட்கக் கூடாது" என்றார் தபால்காரர். அவர் குரலில் அப்படியொரு ஆனந்தம்.

"நல்ல முடிவு!" என்று குழு முழுக்கக் கூவியது.

மாக்னுஸ் கையுறையால் நெற்றியைத் துடைத்தான். "மேல போக எகோன் வேண்டாம்ங்கிறான். கீழ போக புர்கி வேண்டாம்ங்கிறா. மேல ஏறினா அந்தப் பக்கம் இறங்க நல்ல வழி இருக்கு, அடிவாரத்துல விடுதி. யாராவது ஒருத்தர் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கணும்."

"யாரும் வாங்கலேன்னா?" என்றான் எகோன்.

"இங்கயே இருக்கலாம். மே மாசம் பனி கரைஞ்சிடும்."

எகோன் புர்கியைப் பார்த்தான். அவள் பையைக் கழற்றிப் பனியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். திரும்ப வாங்குகிற முகமில்லை அது.

எகோன் வந்த வழியைப் பார்த்தான். சரிவு பேசாமல் இருந்தது. பேசாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. இவள் இந்த மலையடிவாரத்தில் பிறந்தவள். சும்மா சொல்லமாட்டாள். எதையோ பார்த்திருக்கிறாள். மேலே ஒரு கீறல் தெரிகிறதா? அது நிழலா, கீறலா? பனிக்கு அடியில் 'ஹூம்' என்று சத்தம் கேட்டதா? அவன் வயிறுதான் என்று நினைத்திருந்தானே! சற்றுமுன் அதன் குறுக்கே நடந்ததை நினைத்துச் சரிவிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றான். உலகத்தில் எந்த உச்சியும் இந்தச் சரிவைவிட மேல் என்று தோன்றியது.

"மேல போயிடலாம்!" என்று கத்தினான். "நான் வாங்கிக்கிறேன்! சீக்கிரம் கிளம்புங்க, ஏன் நிக்கறீங்க? புர்கி, ரொட்டியை மேல போய்த் தின்னலாம்!"

அன்றைக்குச் சிலுவையை முதலில் தொட்டது எகோன்தான். மாக்னுஸ்கூடப் பின்னால்தான் வந்தான். எல்லோரும் கைகுலுக்கினார்கள். தபால்காரர் கட்டிப்பிடித்தார். எகோனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊர் தீப்பெட்டி அளவுக்குக் கீழே கிடந்தது, அவன் கண்ணாடிக் கடையும் அதில் எங்கோ. இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அந்தப் பக்கம் இறங்குகிற வழி கோழிக்குஞ்சுகூட இறங்கும்படி சாதுவாக இருந்தது. விடுதியில் கைசர்ஷ்மாரன் வந்ததும் அவன் மெதுவாகக் கேட்டான்.

"இப்பவாவது சொல்லு. அந்தச் சரிவுல என்ன பார்த்த?"

"ஒண்ணும் பார்க்கல."

"பின்ன ஏன் வேண்டாம்னே?"

"நீ நாலு வாரமா என்னத்தைப் பார்த்த?"

எகோன் குனிந்து சாப்பிட்டான். தோற்றது உண்மை. ஆனால் உச்சி தொட்டவன் இப்போது பழைய எகோன் இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"சரி. ஏப்ரலுக்கு நான் தயார். ஒரு வாரம் என்ன, ரெண்டு வாரம்கூட. ஆனா ஒண்ணு, நான் உன் பக்கத்துலயேதான் நடப்பேன். அந்த மாக்னுஸ் முன்னால போகட்டும்."

"என் பக்கத்துலயா? நான் எங்க வரேன்?"

"நீ வரலையா?"

"ஒரு இடம்தான் சொல்லி வச்சிருக்கேன். உனக்கு. போன மாசமே."

"அப்ப நீ?"

"வாசல்ல யாரும் மறிக்காம, காலையில யாரும் அறிக்கை வாசிக்காம, ஒரு வாரம் வீட்ல காலை நீட்டித் தூங்குவேன்" என்ற புர்கி, அவன் முன்னாலிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போதும், நிறுத்து. அவ்வளவு தூரம் ஏறவேண்டியவன் தொப்பை போடக்கூடாது."