புது உருளை கோடு போடுகிறது, மச்சான்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், மகள் வீட்டில் உங்களை மதியம் கொஞ்சம் தூங்க விடுகிறார்கள் என்றும் நம்புகிறேன். இந்தப் பட்டறையில் இப்போது நலமில்லாத ஒரே ஜீவன் பலகை இழைக்கும் நம் பிளேனர்தான்.

இரண்டு வருடமாக ஒரு வரி போடாதவன் மெஷினுக்காகப் பேனாவை எடுக்கிறானே என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. நீங்கள் வேண்டவே வேண்டாம் என்ற அந்தப் புதுக் கட்டர் உருளையைப் போன மாதம் மாட்டிவிட்டேன். மூன்று நீளப் பிளேடு இருந்த இடத்தில் இப்போது சட்டைப் பொத்தான் அளவில் எழுபத்திரண்டு சதுரச் சில்லுகள், உருளையைச் சுற்றிப் படிக்கட்டு மாதிரி ஏறிப் போகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. முனை மழுங்கினால் சில்லைத் திருப்பிப் போட்டால் போதும், பலகை கண்ணாடி மாதிரி வரும், சத்தமே இருக்காது என்றார் விற்றவர். சத்தம் இல்லாதது உண்மை. கண்ணாடியைத்தான் இன்னும் காணோம். பலகையின் நீளத்துக்கு, தலை முதல் கால் வரை, மெல்லிய மேடு மேடாகக் கோடு விழுகிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, நகத்தை ஓட்டினால் தடுக்கும்.

இந்த நேரம் பார்த்து நூலகத்துக்கு எட்டடி வாசிப்பு மேசை செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறேன். நூலகர் அம்மா போன வாரம் வந்து, பலகையைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மேசை கேட்டேன், கோடு போட்ட நோட்டு செஞ்சு வெச்சிருக்கீங்களே" என்றார். திங்கட்கிழமை மறுபடி வருவதாகவும் சொன்னார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னதால் எனக்கு இரண்டு மடங்கு வலித்தது.

முதலில் மரத்தைத்தான் குற்றம் சொன்னேன், அது திருப்பிப் பேசாது என்பதால். வேறு பலகை போட்டேன், அதிலும் அதே இடத்தில் அதே கோடு. அப்புறம் தூள் உறிஞ்சும் குழாயைக் கழற்றினேன், தூள் சரியாகப் போகாமல் பலகை மேலேயே அமுங்கிக் குழி விழுகிறதோ என்ற சந்தேகம். குழாயின் வளைவில் உங்கள் நீலத் தொப்பி இருந்தது. ஆமாம், நான் வேண்டுமென்றே ஒளித்துவைத்ததாக நீங்கள் ஒரு மழைக்காலம் முழுக்க என்னை முறைத்தீர்களே, அதே தொப்பி. துவைத்துக் காயவைத்திருக்கிறேன். குழிகள் நின்றன, கோடுகள் நிற்கவில்லை. பிறகு பலகையை உள்ளே இழுக்கும் பல் உருளையின் அழுத்தத்தைக் குறைத்தேன், பலகை பாதி வழியில் நின்றுவிட்டது, கையால் தள்ளியதில் இடுப்பு பிடித்து இரண்டு நாள் நானும் பாதி வழியிலேயே நின்றேன். மோட்டார் மெக்கானிக்கை அழைத்தேன், அவர் மெஷின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "ஆடுது" என்றார். கால்களைத் தரையோடு முடுக்கினோம். இப்போது ஆடாமல் அசையாமல் அதே கோட்டைப் போடுகிறது.

நீங்கள் இருந்திருந்தால் காதாலேயே சொல்லியிருப்பீர்கள். பழைய உருளை போடும் கூச்சலில் நான் ஒன்றையும் பிரித்தறிய மாட்டேன். நீங்களோ மூன்று விரலைக் காட்டிவிட்டு வயிற்றைத் தடவுவீர்கள், மூன்றாவது பிளேடுக்குப் பசிக்கிறது, கூர் தீட்டு என்று அர்த்தம். பத்தொன்பது வருடம் நாம் கையாலேயே பேசினோம், மச்சான். காதைப் பிடித்தால் முன்னறையில் தைத்துக்கொண்டிருக்கும் உங்கள் தங்கை கூப்பிடுகிறாள். இரண்டு கையையும் விரித்தால், இதெல்லாம் ஒரு வேலையா. அந்தப் பத்தொன்பது வருடத்தில் நமக்குள் ஒரு சண்டை உண்டா? ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழுந்தால்தானே. அன்றைக்குக் கரண்ட் போனதுதான் வினை. மெஷின் நின்றது, புது உருளை பேச்சு வந்தது, இரண்டு பேருக்கும் எல்லாம் தெளிவாகக் கேட்டது. "பழசைக் கழட்டினா இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்" என்றீர்கள். "படுக்கவா வர்றீங்க" என்றேன் நான். அரை மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. நீங்கள்தான் வரவில்லை.

இப்போது பட்டறை அமைதியாக இருக்கிறது. நான் எவ்வளவு முணுமுணுக்கிறவன் என்று உங்கள் தங்கைக்கு இப்போதுதான் தெரிந்து, முன்னறையிலிருந்தே பதில் சொல்கிறாள். ஆனாலும் மதியம் பசித்தால் என் கை தானாக நீங்கள் நிற்கும் எதிர்ப்பக்கம் பார்த்து வயிற்றைத் தட்டுகிறது. அங்கே பலகை அடுக்குதான் இருக்கிறது.

ஆகவே மச்சான், மேசையின் மானத்துக்காகவாவது ஒரு நடை வந்து அந்த உருளையைப் பாருங்கள். நான் செய்யாதது எதுவும் பாக்கியில்லை, உங்களைத் தவிர வேறு யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. வந்து திட்டுவதானாலும் திட்டுங்கள், மெஷினை ஓடவிட்டுக்கொண்டு திட்டினால் எனக்குச் சௌகரியம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். புது உருளையில் அந்த வசதியும் கிடையாது.

மருமகனையும் மகளையும் கேட்டதாகச் சொல்லவும். பேத்திக்கு என் ஆசிகள், உங்களுக்கு என் வணக்கம்.

என்றும் உங்கள்,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை முழுக்க அடித்துவிட வேண்டியிருக்கிறது. நான் காலையிலிருந்து உட்கார்ந்து இதை எழுதி, நடுவில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து முடிப்பதற்குள், உங்கள் தங்கை ஸ்விட்சை அணைத்து, மூடியைத் திறந்து, எழுபத்திரண்டு சில்லையும் கழற்றி, தன் தையல் மெஷின் பிரஷ்ஷால் துடைத்து, ஒரே அளவு முடுக்கிப் பூட்டிவிட்டாள். ஒன்பது சில்லுகளுக்கு அடியில் காகிதத் தடிமனுக்கு மரத்தூள் இருந்ததாம். நான் மாட்டும்போது வாயால் ஊதிவிட்டு மாட்டியது அவளுக்குத் தெரியும். "பாபின்ல ஒரு நூல் சிக்கினாலே தையல் கோணும், இதுல தூள் இருந்தா கோடு விழாதா" என்றாள். பலகை போட்டுப் பார்த்தோம். நகத்தை ஓட்டினேன், எங்கேயும் தடுக்கவில்லை.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "ஏன் கிழிக்கிறீங்க" என்றாள். "மெஷின் சரியாயிடுச்சே, இனி என்னன்னு சொல்லிக் கூப்பிடறது" என்றேன். "எங்க அண்ணன் வர்றதுக்கு மெஷின் ரிப்பேர் ஆகணுமா" என்று கேட்டுவிட்டுத் தைக்கப் போய்விட்டாள்.

கிழிக்காமல் இதையும் சேர்த்து எழுதுகிறேன். இங்கே உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை, மச்சான். வாருங்கள்.