பிரதாபனின் புரோகிராம்

பத்தொன்பது பிழைகள் என்று திரை சொன்னது. தர்மிளா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பத்தொன்பதுதான்.

வவுனியாவில் அந்த விவசாய நிறுவனத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. வருகிற வியாழக்கிழமை நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்குக் மாரிமழையோடு விதைக்கும் காலபோகத்துக்கு விதைநெல் கொடுக்கவேண்டும். யாருக்கு எத்தனை புசல் என்று அச்சடித்த சீட்டு இல்லாமல் களஞ்சியக்காரர் ஒரு மணி நெல்லும் அளக்கமாட்டார். சீட்டுப் போடும் புரோகிராமை எழுதிய பிரதாபன் ஆடி மாதம் கனடாவுக்குப் போய்விட்டான். அவன் போன கையோடு அவனுடைய கணினியும் உயிரை விட்டது. மிஞ்சியது, அவன் எழுதியது அடங்கிய ஒரேயொரு பிளொப்பி. அதைப் புதுக் கணினியை இயக்கும் லினக்ஸில், கொம்பைலரிடம் கொடுத்து, ஓடக்கூடியதாக மாற்றி எடுக்கவேண்டும். அந்தக் கொம்பைலர்தான் பத்தொன்பது தரம் முகத்தைத் திருப்பியிருந்தது.

இணைப்பாளர் பரமலிங்கத்துக்கு இது விளங்கவில்லை.

"பிரதாபன் இந்த அறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டுவான். டக்டக்கெண்டு சத்தம் கேக்கும். பின்னேரம் சீட்டெல்லாம் மேசையிலை இருக்கும். உமக்கு மட்டும் என்ன பிள்ளை கரைச்சல்?"

தர்மிளாவுக்கும் அதுதான் விளங்கவில்லை. ஒரு பிழையைத் திருத்தினாள். இருபத்தாறு பிழைகள் என்றது. இன்னும் இரண்டைத் திருத்தினாள். நாற்பத்தாறு. இனித் திருத்துவது ஆபத்து என்று கையை எடுத்துக்கொண்டு, பிரதாபனுக்கு மின்னஞ்சல் போட்டாள். மறுநாளே பதில் வந்தது.

"நீங்கள் வைச்சிருக்கிறது புதுக் கொம்பைலர். நான் பழசிலை எழுதினனான். இரண்டும் ஒத்துவராது. பழசைப் போட்டுப் பாருங்கோ. எனக்கு நல்லா ஓடினது."

கொழும்பிலிருந்த சிநேகிதி ஒருத்தி பழைய கொம்பைலரை சீடியில் எழுதி பஸ்ஸில் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. போட்டால், தனக்குத் துணையாக இருந்த லைப்ரரி என்ற பழைய கோப்புத் தொகுதி இல்லாமல் சரிவராது என்று அது அடம்பிடித்தது. தர்மிளா புதிய லைப்ரரிக்கு மேலேயே பழையதை வலுக்கட்டாயமாக ஏற்றினாள். அதற்குப் பிறகு கணினிக்குத் தன் பெயரே மறந்துபோயிற்று. கோப்புகளைக் காட்டு என்றாலும், நேரம் என்ன என்றாலும், ஒரே பதில்: லைப்ரரியைக் காணவில்லை.

பரமலிங்கம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"லைப்ரரியோ? நகரசபை லைப்ரரியிலை எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு. புத்தகத்தின்ரை பேரை எழுதித் தாரும்."

அது வேறு லைப்ரரி என்று தர்மிளா எவ்வளவோ சொன்னாள். அவர் ஒரு துண்டில் கொம்பைலர் என்று எழுதி எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனார். பின்னேரம் திரும்பி வந்து, கொம்பைலர் என்ற ஆசிரியர் எழுதிய புத்தகம் ஒன்றும் அங்கே இல்லையாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை, அடுத்த மேசைக் கணினியிலிருந்து நல்ல லைப்ரரியை எடுத்துப் பழுதானதில் போடப் பார்த்தாள். களைப்பில் எது எதன் விசைப்பலகை என்று தடுமாறிப் பழுதானதை நல்லதில் போட்டாள். இப்போது இரண்டும் லைப்ரரியைத் தேடின.

சீட்டுகளைக் கையாலேயே எழுதிவிடலாமே என்று மெல்லக் கேட்டுப்பார்த்தாள். பரமலிங்கத்தின் முகம் கறுத்தது.

"கையாலை எழுதினால் ஆக்கள் நம்பாயினம். எங்கடை நிறுவனத்திலை எல்லாம் கொம்பியூட்டர் எண்டு காசு தாற வெளிநாட்டுக்காரருக்கு அறிக்கை அனுப்பிறனான். கையெண்ட கதையே வேண்டாம்."

வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது. செட்டிகுளத்துப் பக்கமிருந்து வந்திருந்த சுப்பம்மா படியோரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டி, மூன்று ஏக்கர் வயல் செய்பவள்.

"மழ விழுறதுக்குள்ள வெதச்சாகணும் தங்கச்சி. அந்தப் பொட்டிக்கு ஏதாச்சும் நேர்த்தி வைக்கணும்னா சொல்லு."

வைத்தால் என்ன என்றுதான் தர்மிளாவுக்கும் பட்டது. வீதியோரத்து இன்டர்நெட் கடைக்குப் போய்ப் பிரதாபனுக்கு மறுபடி எழுதினாள். கொம்பைலரை மட்டும் மாற்றினால் போதாது, லினக்ஸையே பழையதாக்கவேண்டும், தனக்கு அதில் நன்றாக ஓடியது என்று பதில் வந்தது. புதன்கிழமை முழுவதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அவன் சொன்ன அதே லினக்ஸை, அதே கொம்பைலரை, அதே லைப்ரரியை ஏற்றினாள். பழைய லினக்ஸுக்குப் புதுத் திரையைப் பிடிக்கவில்லை. எழுத்துகள் எல்லாம் எறும்பளவில் தெரிந்தன. பரவாயில்லை என்று மூக்கைத் திரையில் முட்டிக்கொண்டு பிளொப்பியைப் போட்டாள்.

எண்பத்துமூன்று பிழைகள்.

அவள் அழவில்லை. பிழைகளை முதலிலிருந்து மறுபடி எண்ணினாள், எண்ணிக்கையாவது சரியாக இருக்கட்டும் என்று. அதே கொம்பைலர், அதே லினக்ஸ், அவன் கையால் எழுதிய அதே எழுத்து. பிரதாபனுக்கு ஓடியது தனக்கு ஏன் ஓடவில்லை? படித்தது பிழையா, கை ராசியில்லையா, ஒன்றும் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே முற்றம் நிறைந்துவிட்டது. உழவு மெசின்கள் வீதிவரை நின்றன. கொம்பியூட்டர் சீட்டு இப்போது வரும் என்று பரமலிங்கம் ஒலிபெருக்கியில் இரண்டு தரம் அறிவித்தார். தர்மிளா வேலையை விடும் கடிதத்தை எழுதத் தொடங்கினாள். திகதி போட்டாயிற்று. காரணம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி உள்ளே வந்தாள். தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காக மன்னாருக்குப் போய், மூன்று கிழமை லீவு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த தட்டச்சாளர் ஞானேஸ்வரி. தர்மிளா அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

ஞானேஸ்வரி முற்றத்துச் சனத்தைப் பார்த்தாள். எறும்பு எழுத்துத் திரையைப் பார்த்தாள். பிறகு கதவை உள்ளே பூட்டிவிட்டு, மூலையில் கிடந்த தட்டச்சு இயந்திரத்தை மேசைக்கு இழுத்தபடி சொன்னாள்:

"எங்கை பிள்ளை பெயர்ப் பட்டியல்? பிரதாபன் தம்பியெண்டால் விடியவே தந்திடுவார்; நான் அடிச்சு முடியுமட்டும் அவர் இந்தக் கதிரையிலை நல்ல நித்திரை."