பதிவில்லாத சூரியன்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி நின்ற தொடர்மாடி ஒன்றின் உச்சி வீட்டில் சரோஜினிதேவி ரீச்சர் வசித்து வந்தார். யன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர். பைப்பைத் திறந்தால் வெறும் காற்று. கீழ்வீட்டுக்காரர் எல்லோரும் மோட்டர் பூட்டி இழுத்த பிறகு மேலே வர எதுவும் மிஞ்சுவதில்லை.

கீழ்வீடுகளில் தண்ணீருக்குக் கெஞ்சி அலுத்த ரீச்சர், தான் படிப்பித்த இரசாயனத்தை நம்பினார். மொட்டைமாடியில் ஒரு பெட்டி, அதற்குள் கறுப்புத் தட்டு, அதில் கடல்தண்ணீர், மேலே சரிவாக ஒரு கண்ணாடி. வெயில் ஏற, உப்பு தட்டில் தங்கியது. நல்ல தண்ணீர் கண்ணாடியால் வழிந்து போத்தலுக்குள் சொட்டியது. அதில் தேத்தண்ணீர் போட்டுக் குடித்த அன்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அது யுத்தகாலம். தமிழர் வீட்டு மாடியில் கண்ணாடி மினுங்கினால் யாராவது மேலிடத்துக்குப் போன் எடுப்பார்கள். எடுத்தார்கள். கரையோரக் கண்காணிப்புக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவருடைய சிங்களத்தைக் கீழ்க்கடை ஸஹாப்தீன் தமிழாக்கினார்.

"கடலுக்கு சிக்னல் காட்டுற சாமானா எண்டு கேக்குறார், ரீச்சர்."

"கடல்தண்ணியை நல்ல தண்ணியாக்கிறது எண்டு சொல்லுங்கோ."

"எஞ்சின் எங்கயாம்?"

"சூரியன்தான்."

அதிகாரி அண்ணாந்து பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"சூரியன் யார்ட பேர்ல ஈக்குதாம்?"

"ஒருத்தற்ற பேரிலயும் இல்லை."

"அப்ப பதிவில்லாத எஞ்சினாம்."

ரீச்சர் கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடினார். ஆனால் அதிகாரி நல்ல மனுசன். அந்தத் தண்ணீரில் ஒரு கிளாஸ் குடித்து, நெடுநேரம் யோசித்து, முத்திரை குத்திய அனுமதிப் பத்திரமே தந்தார்: 'மேற்படி உபகரணத்தை உபயோகிக்க இத்தால் அனுமதி வழங்கப்படுகின்றது. எனினும், தேசப் பாதுகாப்பின் பொருட்டு, சூரியன் தென்படும் வேளைகளில் அதனைத் தடித்த துணியால் மூடிவைத்தல் வேண்டும்.'

"வெயில் இல்லாமல் இது வேலை செய்யாதே," என்றார் ரீச்சர்.

"பேசாம ஈங்க ரீச்சர். பெர்மிட் கெடச்சிட்டே," என்றார் ஸஹாப்தீன்.

அடுத்த கிழமை தொடர்மாடியைச் சோதிக்கத் துப்பாக்கிகளோடு ஆமி வந்தது. வீடுவீடாக அலுமாரிகளைக் கிண்டியவர்கள், ரீச்சரின் கதவில் ஒட்டியிருந்த அனுமதிப் பத்திரத்தின் முத்திரையைக் கண்டதும் உள்ளே வராமலே போய்விட்டார்கள். செய்தி பரவியது. எல்லோரும் பெர்மிட் எடுக்க ஓடினார்கள். அந்த மாதமே வெள்ளவத்தை மொட்டைமாடிகள் எங்கும், துணியால் மூடிய பெட்டிகள் வரிசையாக ஏறின. பெட்டி இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்கவும் யோசித்தார்கள்.

இரண்டாம்மாடி சவுந்தரநாயகமும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் தட்டுக்கூட இல்லை.

"இதில தண்ணி வராதே, அண்ணை," என்றார் ரீச்சர்.

"தண்ணி ஆருக்கு வேணும் ரீச்சர்? ஆமி வராட்டிப் போதும்."

ரீச்சர் திரும்பிப் பார்த்தார். தன் பெட்டியின் துணி காற்றில் விலகி, ஒரு மூலையில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. அவசரமாகப் போய் இழுத்து மூடினார்.