மாமனாருக்கு வாங்கிய லேப்டாப்

"மாப்பிள்ளை, நம்ம டைப்பிங் சாஃப்ட்வேர் இதுல எங்கே இருக்கு?"

மாமனார் கேட்டதும் மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். வீட்டு முன்னறையில் தட்டச்சுக் கடை வைத்திருப்பவர் மாமனார். மனு, புகார், வேலை விண்ணப்பம் என்று ஊரே அவரிடம்தான் வரும். அவருக்கு ஆசை ஆசையாக இந்த லேப்டாப்பை வாங்கிக் கொடுத்தது மாப்பிள்ளைதான். அலுமினிய உடம்பு, பளிங்கு மாதிரி திரை, ஒரு கையால் தூக்கிவிடலாம். அழகென்றால் அப்படி ஓர் அழகு! ஆனால் உள்ளே இருந்த சிஸ்டம் இணையத்தை மட்டும்தான் திறக்கும். வேறு எந்த சாஃப்ட்வேரையும் வாசலிலேயே நிறுத்திவிடும்.

தெரியாமல் வாங்கினாரா என்றால், அதுதான் இல்லை. "சார், இதுல வேற எதுவும் ஏறாது, பரவாயில்லையா?" என்று கடைக்காரர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். மூடியைத் தடவிக்கொண்டிருந்த மனுஷன் காதில் வாங்கினால்தானே? "எனக்கேவா சொல்றே?" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மனைவி வீட்டில் அவருக்குக் 'கம்ப்யூட்டர் மாப்பிள்ளை' என்று பெயர். அந்தப் பெயரை எப்படிக் கெடுத்துக்கொள்வது?

"சாஃப்ட்வேரெல்லாம் பழங்காலம், மாமா," என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார். "பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து, நான் தர்ற ஈமெயிலுக்கு அனுப்புங்க. மிஷினே படிச்சு டைப் அடிச்சுடும்."

"அடேயப்பா! என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குமே, அதைக்கூடவா?"

"அதெல்லாம் படிக்கும். கொஞ்ச நேரம் எடுக்கும், அவ்வளவுதான்."

எடுக்காதா பின்னே? படித்து அடிக்க வேண்டியவர் இவரல்லவா! மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் இரண்டு மனுக்களை அடித்து அனுப்பினார்.

உடனே போன். "பிரமாதம் மாப்பிள்ளை! பழைய மிஷினை மூட்டை கட்டிப் பரண்ல போட்டாச்சு."

அடுத்த நாள் நான்கு மனு. அதற்கடுத்த நாள் ஏழு. மாமனாருக்கு வெறுத்துப் போகட்டும் என்று இவர் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக அடித்துப் பார்த்தார்.

"பாவம், மிஷினுக்கு என் எழுத்து புரியலை போலிருக்கு," என்றார் மாமனார். அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை, முத்து முத்தாக எழுதி அனுப்பினார். அந்தப் பெரியவரின் எழுத்தைப் பார்க்கப் பார்க்க மாப்பிள்ளைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மூன்றாவது வாரம் மானமே போயிற்று. அலுவலகக் கூட்டத்தில் விற்பனை அறிக்கையைக் காட்ட எழுந்தவர், அடித்துக்கொண்டிருந்த மனுவை மூட மறந்துவிட்டார். பெரிய திரையில் பளிச்சென்று வந்தது: "ஐயா, பக்கத்து வீட்டு நாய் இதுவரை என் செருப்புகளில் ஆறு ஜோடியைத் தின்றுவிட்டது."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு ஜோடியா? முதல்லயே சொல்லியிருந்தா லீவு கொடுத்திருப்பேனே!"

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. இவர் கூனிக் குறுகிப்போனார்.

போதும்டா சாமி என்று அன்று மாலையே மாமனார் வீட்டுக்குப் போனார். என்ன நினைத்தாலும் நினைக்கட்டும், உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

மாமனாரின் வலது மணிக்கட்டில் பெரிய கட்டு.

"என்ன ஆச்சு மாமா?"

"ஒண்ணுமில்லை, லேசான சுளுக்கு. உட்காருங்க மாப்பிள்ளை, காபி போடச் சொல்றேன்," என்று அவர் அவசரமாக உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும் மச்சினி ஓடி வந்தாள்.

"அத்தான், நான் சொன்னேன்னு அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஏதாவது சாக்குச் சொல்லி அந்த லேப்டாப்பை எடுத்துட்டுப் போயிடுங்களேன்."

"ஏன், சரியா வேலை செய்யலையா?" என்று கேட்டார் அவர்.

"கடை வேலையெல்லாம் பழைய மிஷின்லதான் நடக்குது அத்தான். மாப்பிள்ளை மனசு சங்கடப்படக் கூடாதுன்னு, டைப் அடிச்சுக் கொடுத்து முடிச்ச மனுவையெல்லாம் உங்க மிஷினுக்காக மறுபடியும் கையால எழுதி எழுதித்தான் அப்பாவுக்குக் கை வீங்கிப் போச்சு!"