கட்டி முடிக்காத கட்டடத்தின் செகரெட்டரி

ஓடிப்போன பில்டரின் கையாள் அவர் என்று ஏறக்குறைய ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா சந்தேகம் இல்லை. சாமி கும்பிடும்போதுகூட, "அந்த ஆளை மட்டும் எப்படியாவது மாட்டிவிட்டுடு" என்று வேண்டிக்கொள்ளும் அளவுக்கு உறுதி. என்னைக் குற்றம் சொல்லாதீர்கள். பால்கனி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆகாயம் இருந்த ஒரு வீட்டுக்காரனிடம், "பால்கனியில ஈரத்துணி காயப்போடக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்று விரலை ஆட்டிய மனிதர் இந்தப் பூலோகத்திலேயே அவர் ஒருவர்தான். அந்த வீட்டுக்காரன் நான்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். எங்கள் பன்னிரண்டு குடும்பத்துக்கும் அவர் செகரெட்டரி, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் மனைவி சரளாவும் ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை. அப்போது பெங்களூரில் இரண்டு பேர் சந்தித்தால், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்பே "எங்க வாங்கிப் போட்டிருக்கீங்க?" என்று கேட்பார்கள். விலை ஏறிக்கொண்டே போயிற்று. கிளம்பிவிட்ட பஸ்ஸில் கடைசி ஆளாய்த் தொற்றிக்கொள்வது என் பரம்பரைக் குணம். பி.எஃப். பணம், ஆபீஸ் லோன், மாமனாரிடம் கைமாற்று எல்லாவற்றையும் வழித்து எடுத்து ஹெப்பகோடியில் ஒரு ஃப்ளாட்டுக்குக் கொடுத்தேன். மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, "ஒண்ணரை வருஷத்துல சாவி" என்றார் பில்டர். நான் கையெழுத்துப் போடுவதற்காகவே காத்திருந்ததுபோல அதற்கப்புறம் மார்க்கெட் படுத்துவிட்டது.

படுத்தது என்றால் சாதாரணப் படுக்கை இல்லை. எனக்கு ஃப்ளாட் பிடித்துக் கொடுத்த புரோக்கரின் ஆபீஸ் இருந்த இடத்தில் ஒரு நாள் கோழிக்கடை இருந்தது. உள்ளே கத்தியோடு நின்றவர் அதே புரோக்கர். முன்பு "ஈஸ்ட் ஃபேசிங்கா, நார்த் ஃபேசிங்கா?" என்று கேட்ட அதே குரலில், "ஸ்கின்னோடவா, ஸ்கின் இல்லாமலா சார்?" என்றார். நான் அரைக்கிலோ வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். கத்தி வைத்திருக்கிறவரிடம் மார்க்கெட் நிலவரம் பேசக் கூடாது.

பில்டர் முதலில் போனை எடுக்காமல் இருந்தார். பிறகு வேறு யாரோ எடுத்தார்கள். பிறகு போனே இல்லை. கட்டடம் தளமும் செங்கல் சுவருமாக நின்றுவிட்டது. கதவு இல்லை, ஜன்னல் இல்லை, லிஃப்ட் வர வேண்டிய இடத்தில் மூன்று மாடி ஆழத்துக்கு ஒரு பள்ளம். தினமும் ஷிப்ட் முடிந்ததும் ஹெப்பகோடியில் இறங்கி அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். தூண்களை யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஒரு பயம். "தூணத் தூக்கிட்டுப் போறவன் வந்தா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டாள் சரளா. நியாயமான கேள்விதான்.

பணம் போட்ட பன்னிரண்டு பேரும் முதன்முதலாக அந்த மணல் மேட்டில் கூடியபோதுதான் அவர் தோன்றினார். அவரும் எங்களைப்போல ஒரு வீட்டுக்குப் பணம் போட்டவர்தான். நாற்பது வயது இருக்கும். பெங்களூரில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். தமிழில் ஆரம்பித்து, கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவி, கணக்குப் போடும்போது இங்கிலீஷில் இறங்குவார். ஏதோ அரசாங்க ஆபீஸில் தபால் அனுப்பும் பிரிவில் வேலை. நல்ல வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். "இந்தக் கட்டடத்துக்கு ஒரு செகரெட்டரி வேணும். நான் இருக்கேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். ஓசூர் ரோட்டில் வரிசையாக லாரி போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் காதில் விழவில்லை. "ஆய்த்து, ஏகமனதா முடிஞ்சுது" என்று உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. லிஃப்ட் பள்ளத்துக்குப் பக்கத்தில், "குழந்தைகள் பெரியவர் துணையின்றி லிஃப்ட்டில் செல்லக் கூடாது" என்று பலகை மாட்டினார். ஞாயிறு தவறாமல் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து, தன் ஹாலில், அதாவது மூன்று சுவருக்கு நடுவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஒரு தடவை நான் நேராக உள்ளே போய்விட்டேன்.

"என்ன சார், பெல் அடிக்காம வரீங்க?"

"பெல் எங்க சார் இருக்கு?"

"அது வரும்போது வரும். இப்ப வாயால அடிங்க."

வெளியே போய் "ட்ரிங்" என்று சொல்லிவிட்டு வந்தேன். படித்தவன், ஸ்டோர்ஸில் எனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள்.

பால் காய்ச்சக்கூட அவர் பில்டருக்காகக் காத்திருக்கவில்லை. "முகூர்த்தம் என்ன பில்டரைக் கேட்டா குறிச்சேன்?" என்று குறித்த நாளில் ஸ்டவ்வோடு வந்துவிட்டார். ஜன்னல் ஓட்டையில் அடித்த காற்றில் ஸ்டவ் அணைந்து அணைந்து போனது. கடைசியில் நானும் சரளாவும் ஆளுக்கொரு முனையில் போர்வையைப் பிடித்துக்கொண்டு சுவராக நின்றோம். பால் பொங்கியதும் அவர் மனைவி அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. வேறு காரணம்.

இவ்வளவு நிம்மதியாக ஒருத்தர் இருக்க முடியுமா? அங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. நாங்கள் போலீசுக்குப் போகாமல், கத்தாமல் இருக்க பில்டர் நட்டுவிட்டுப் போன ஆள் இவர்! ஒரு சாயங்காலம் கட்டடத்திலிருந்து அவர் கிளம்பியதும் பின்னாலேயே பஸ் ஏறினேன். முகத்தைத் தினசரியால் மறைத்துக்கொண்டு பின் ஸீட்டில் பதுங்கினேன். பில்டர் ஒளிந்திருக்கும் இடத்துக்கே போகிறார், நேரில் பிடித்துவிடலாம் என்று உள்ளங்கையெல்லாம் வியர்வை. பிடித்த பிறகு என்ன செய்வது என்று யோசித்திருக்கவில்லை. சிட்டி மார்க்கெட்டில் இறங்கினார். ஒரு சந்து, இன்னொரு சந்து, ஓர் இருட்டுக் கடை. உள்ளே நுழைந்தார். நான் வாசலில் நின்று மெல்ல எட்டிப் பார்த்தேன்.

பன்னிரண்டு தபால் பெட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பியவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. "வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு. இந்தாங்க, ஆறு நீங்க புடிங்க." அந்த ஆறையும் கட்டிக்கொண்டு நெரிசல் பஸ்ஸில் நின்ற என்னைக் கண்டக்டர், "இது ஏனு ஸ்வாமி, போஸ்ட் ஆபீஸா?" என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் போட்டார். அப்போதுகூட என் சந்தேகம் போகவில்லை. கெட்டிக்கார ஒற்றன் என்றுதான் நினைத்தேன்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் சஃபாரிக்காரர் வந்தார். பிஸ்கட் கலரில் சஃபாரி சூட், கையில் பிரீஃப்கேஸ், வெளியே ஜீப். கட்டடத்தை இருக்கிறபடி வாங்க ஒரு பார்ட்டி தயாராம். நாங்கள் பதிவை ரத்து செய்து கையெழுத்துப் போட்டால் கட்டிய பணத்தில் கால்வாசி கிடைக்கும். ஆனால் பன்னிரண்டு பேரும் போட வேண்டும். ஒருவர் விட்டாலும் பார்ட்டி வராது. "கமிங் சண்டே மத்தியானம் ஒரு மணி வரைக்கும் இருப்பேன் ஸ்வாமி. அப்புறம் பார்ட்டி மனசு மாறிட்டா என்னைக் கேக்காதீங்க."

அந்த வாரம் நான் தூங்கவில்லை. முக்கால்வாசிப் பணம் போகும், வீடும் போகும். போடாவிட்டால் அந்தக் கால்வாசியும் போகும். தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சரளா தட்டை எடுத்துக்கொண்டு போவாள்.

"போட்டுடலாம் சரளா. வர்றது வரட்டும்."

"கால்வாசில ஒரு பாத்ரூம்கூட வராதுங்க."

"அதுவும் வராமப் போயிடுச்சுன்னா?"

தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "சரி, போடறதுன்னா போடுங்க. ஆனா முதல் ஆளா போடாதீங்க. அந்தப் பாவம் நமக்கு வேணாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சரளாவோடு போய்ப் பார்த்தால் மற்ற பதினோரு பேர் முகத்திலும் அதே வசனம் எழுதியிருந்தது. சஃபாரிக்காரர் பேப்பர்களைப் பரப்பி வைத்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் பேனா மூடி கழன்று, சட்டைப்பையில் மசி ஊறுவதுகூட எனக்குத் தெரியவில்லை.

செகரெட்டரி தொண்டையைக் கனைத்தார். "இன்னிக்கு அஜெண்டா ரெண்டு. ஒண்ணு, கார் பார்க்கிங். ரெண்டு, இவர் கொண்டாந்த விஷயம். முதல்ல கார் பார்க்கிங்."

"கார் பார்க்கிங்கா?" என்றார் சஃபாரிக்காரர்.

"எட்டு கார்தான் நிக்கும். பன்னெண்டு வீடு. எப்படிப் பிரிக்கறது?"

எங்களில் ஒருவரிடமும் கார் கிடையாது. பாதிப் பேர் பஸ், மீதிப் பேர் ஸ்கூட்டர். ஆனாலும் இரண்டாம் மாடி டீச்சரம்மா மெதுவாக ஆரம்பித்தார். "நான்தான் முதல்ல புக் பண்ணினவ. கேட்டுக்குப் பக்கத்து எடம் எனக்குத்தான் வரணும்."

"அதெப்படிம்மா? கீழ் வீட்டுக்காரன் நான். என் ஜன்னலுக்கு எதிர்ல உங்க கார் பொகை விடுமா?" என்றார் கம்பவுண்டர்.

"உங்களுக்கு மருந்து வாசனையே பழக்கம், பொகை என்ன பண்ணிடும்?"

"டீச்சர்னு மரியாதையாப் பேசறேன்..."

"அம்மாவுக்கு கார் ஓட்டத் தெரியுமா முதல்ல?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"ஏன், டிரைவர் வெச்சுக்க மாட்டேனா?"

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. யாரோ மணலில் கோடு கிழித்தார்கள். யாரோ அதைக் காலால் அழித்தார்கள். மணி பன்னிரண்டைத் தாண்டியது. சஃபாரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், வியர்வையைத் துடைத்தார். நேரம் போகிறதே, யாராவது முதல் கையெழுத்தைப் போட்டுத் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்த நான், எனக்கு மேற்கு மூலை ஒதுக்கப்பட்டதைக் கேட்டதும் துள்ளி எழுந்தேன்.

"மேற்கா? சாயங்கால வெயில் பூரா என் கார் மேல அடிக்கணுமா?"

சத்தியமாக என் குரல்தான். சரளா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்கார வைக்கத்தான் என்று நினைத்தேன். "தண்ணித் தொட்டிப் பக்கம் கேளுங்க, நெழலா இருக்கும்" என்று காதோடு சொன்னாள்.

பொறுக்க முடியாமல் சஃபாரிக்காரர் எழுந்தார். "ஸ்வாமி, சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிங்க, ஆச்சு. அப்புறம் கையெழுத்து..."

டீச்சரம்மாவும் கம்பவுண்டரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். "நீங்க யாருங்க? எங்க பில்டிங் விஷயத்துல நீங்க ஏன் தலையிடறீங்க?"

ஒரு வருடத்தில் அந்தச் செங்கல் குவியலை "எங்க பில்டிங்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சஃபாரிக்காரர் எங்களை ஒரு சுற்று பார்த்தார். "ஹுச்சாஸ்பத்ரே" என்று முணுமுணுத்தார். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று அர்த்தம். பேப்பர்களை அள்ளிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பிறகுதான் உறைத்தது: கால்வாசியும் போயிற்று. நான் ரோட்டை நோக்கி ஓடினேன். பக்கத்தில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினால் கம்பவுண்டர், செருப்பில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தார். பின்னால் டீச்சரம்மா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. ஜீப் ஓசூர் ரோட்டுப் புழுதியில் மறைந்துவிட்டது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "சும்மா, ஒரு நடை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

செகரெட்டரி மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. குனிந்து கூட்டத்தின் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கணத்தில் என் சந்தேகம் அப்படியே தலைகீழாகக் கவிழ்ந்தது. ஒற்றன் இல்லை, இவர் மகா தந்திரசாலி! சண்டை மூட்டிவிட்டே வீட்டைக் காப்பாற்றிவிட்டார்!

அதற்கு மேல் வேறு வழி இல்லாததால் நாங்களே ஒரு மேஸ்திரியைப் பிடித்து, சம்பளம் வர வர ஒரு மாடி ஒரு மாடியாக முடித்தோம். மூன்று வருடம் பிடித்தது. குடி போனோம். அவர் எனக்கு எதிர்வீடு.

பல வருடம் கழித்து ஒரு காலையில், மாடிப்படியில் உட்கார்ந்து இருவரும் பால்காரருக்காகக் காத்திருந்தபோது மனசு நிறைந்து சொன்னேன்.

"அன்னிக்கு பார்க்கிங்க எடுத்துப் போட்டு எங்களையெல்லாம் காப்பாத்தினீங்களே சார், என்ன மூளை உங்களுக்கு!"

அவர் திருதிருவென்று விழித்தார். "என்ன காப்பாத்தினேன்? நானும் போடத்தான் சார் வந்தேன்."

"கையெழுத்தா?"

"ஆமா. பார்க்கிங்க முடிச்சிட்டுப் போடலாம்னு இருந்தேன். அந்த ஆளு அதுக்குள்ள கெளம்பிட்டான்."

"வீட்டையே விட்டுட்டுப் போறவங்களுக்கு எதுக்கு சார் பார்க்கிங்?"

மஃப்ளரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "அது அப்ப தோணல. அஜெண்டால அதுதானே முதல்ல இருந்துச்சு."

"சரி, நாங்க ஜீப் பின்னாடி ஓடினோமே, நீங்க மட்டும் அசையாம உக்காந்து எழுதிட்டிருந்தீங்களே?"

"எங்க எழுதினேன்? எழுந்திருக்கப் பாத்தேன், முடியல. பயத்துல முட்டி ரெண்டும் கழண்டு போச்சு. யாரும் பாக்கக் கூடாதேன்னு குனிஞ்சுக்கிட்டேன்."

நடந்தது இவ்வளவுதான். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தவர் அவர். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவரை நிஜமாகவே பிடித்துப்போயிற்று.