பத்தாவது நிமிடத்தில் கொலைகாரன்

இனி ஒரு துப்பறியும் படத்திலாவது என் மனைவி பெட்ரீசியாவுக்கு முன்னால் நான் கொலைகாரனைக் கண்டுபிடிக்காவிட்டால் என் பெயர் சவரிநாதன் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில், ஈப்போவில் ஒரு படக்கொட்டகை வாசலில் நின்று நான் எடுத்த சபதம் இது.

கோபம் வராமல் என்ன செய்யும்? பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை மறுபடி போட்டிருந்தார்கள். தொப்பி வைத்த துப்பறிவாளர் இன்னும் காரைவிட்டே இறங்கவில்லை. அதற்குள் இவள், "கணக்கப்பிள்ளதாங்க கொன்னது" என்றாள். மெதுவாகச் சொன்னாளா? பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில் சொன்னாள். முன்வரிசைக்காரன் திரும்பித் திட்டினான். அவளை இல்லை. என்னை! கடைசியில் கணக்கப்பிள்ளைதான் கொலைகாரன். அதற்கும் வெளியே வந்து என்னைத்தான் திட்டினான்.

பழைய படம், புதுப் படம் என்ற பேதமே இவளுக்குக் கிடையாது. பழைய துப்பறிவாளர் மோவாயைத் தடவி யோசிப்பார். புதியவர் யோசிப்பதேயில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு பேரை மிதிப்பார். ஐந்தாவது ஆள் பயத்தில் உண்மையைக் கக்கிவிடுவான். பெட்ரீசியா தடவவும் மாட்டாள், மிதிக்கவும் மாட்டாள். கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்து நாலு கடலையை வாயில் போடுவதற்குள் ஆளைப் பிடித்துவிடுவாள்.

நான் யார்? பஸ் கம்பெனியில் செக்கர். டிக்கெட் எடுக்காதவனை முழியைப் பார்த்தே பிடிப்பவன். நான் ஏறினால் சிலிபின் போகிற பஸ்ஸில் தூங்குகிறவன்கூட டிக்கெட்டைத் தேடுவான். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, புந்தோங்கில் எங்கள் பக்கத்து வீட்டு கார்த்திகேசு சொல்கிறான்:

"அண்ணே, ஒங்க வேலய அக்காகிட்ட குடுத்தா கம்பெனி பொழச்சுக்கும்லா!"

அவன் மனைவி மங்களம் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. அந்த இடத்திலேயே பெட்ரீசியாவிடம் பந்தயம் கட்டினேன்.

"சனிக்கிழம புதுப் படம் வருது. நாலு பேரும் போறோம். அரை மணி நேரத்துல நீயும் நானும் கொலகாரன் பேர சீட்டுல எழுதி கார்த்திகேசுகிட்ட குடுக்கணும். படம் முடிஞ்சதும் பிரிச்சுப் பாக்கணும். நீ தோத்தா இனிமே கொட்டகையில வாயத் தெறக்கக் கூடாது!"

"நீங்க தோத்தா?"

"நான் எங்க தோக்குறது?"

"பேச்சுக்குச் சொல்லுங்க."

"ஒரு மாசம் நானே சமைக்கிறேன். போதுமா?"

"போதுங்க" என்றாள். அந்த அடக்கமே எனக்கு எரிச்சல் மூட்டியது.

சனிக்கிழமை காலை சீருடையை மாட்டினேன். "இன்னிக்கு தஞ்சோங் மாலிம் பஸ்சுல டூட்டி. ரெண்டு மணிக்கு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, டூட்டிக்கு லீவு போட்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன். பதினொரு மணிக் காட்சி. முழுப் படத்தையும் பார்த்தேன். கொலைகாரன் குடும்ப டாக்டர்! பாவி, நான் பார்த்ததிலேயே நல்லவன் அவன்தான். இதை யார் கண்டுபிடிக்க முடியும்?

வீட்டுக்கு வந்தால் மேசைமேல் கடைச் சோறு இருந்தது. அடுப்பு சரியில்லையாம்.

"டூட்டி எப்பிடிங்க?"

"ஒரே வெயில்" என்றேன். முகத்தில் சோர்வைக்கூட வரவழைத்தேன்.

மூன்றரை மணிக் காட்சிக்கு நாலு பேரும் போனோம். அரை மணியில் 'டாக்டர்' என்று எழுதி மடித்துக் கார்த்திகேசுவிடம் நீட்டினேன். பெட்ரீசியா என் பென்சிலையே வாங்கி எழுதினாள். அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை. திணறுகிறாள் என்று நினைத்து உள்ளுக்குள் கூத்தாடினேன்.

படம் விட்டது. கொட்டகை வாசலில் கார்த்திகேசு என் சீட்டைப் பிரித்தான்.

"டாக்டர்! அண்ணே, கெட்டிக்காரரு நீங்க!"

நெஞ்சை நிமிர்த்தினேன். அவன் அடுத்த சீட்டைப் பிரித்தான். தயங்கித் தயங்கி வாசித்தான்.

"கொலகாரன், டாக்டர். பொய்க்காரன், என் வீட்டுக்காரர்."

"யாருடி பொய்க்காரன்?" நான் போட்ட சத்தத்தில் கச்சாங் பூத்தே விற்பவர் தட்டை நழுவவிடப் பார்த்தார்.

"இந்தப் படத்த ஏற்கெனவே பாத்துட்டீங்க."

"யார் சொன்னா?"

"துப்பாக்கி வெடிக்கிறதுக்கு முன்னாடியே காதப் பொத்துனீங்க."

"அது தொழில் அனுபவம்!"

"பஸ்சுல யாருங்க சுடுறா?"

கார்த்திகேசு சிரித்தான். எனக்கு அவன் கழுத்தை நெரிக்கத் தோன்றியது.

"அலமாரியத் தெறக்குமுன்னாடியே கண்ண மூடுனீங்க. பொணம் விழுந்த பெறகுதான் தெறந்தீங்க."

"தூசி விழுந்துச்சு!"

"ரெண்டு கண்ணுலயுமா?"

"காலையில நான் தஞ்சோங் மாலிம் பஸ்சுல இருந்தேன். சத்தியம் பண்ணட்டா?"

"பண்ணாதீங்க, பாவம்" என்றாள் அமைதியாக. "எனக்கு மூணு வரிசைக்கு முன்னால உக்காந்து, பொணம் விழுந்ததும் 'ஐயோ மாதாவே'ன்னு கத்துனது நீங்கதானே?"

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கொட்டகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நீ... காலையில... இங்கயா?"

"நானும் மங்களமும்."

கார்த்திகேசுவின் சிரிப்பு பட்டென்று நின்றது. "மங்களம்! காய்கறி வாங்க பசாருக்குப் போறேன்னுதானே சொன்ன?"

மங்களம் எதிரே இருந்த சுவரொட்டியை ஊன்றிப் படித்தாள்.

"அப்ப அந்தக் கணக்கப்பிள்ள?" என்றேன்.

"அதுவும் மொதல்லயே பாத்ததுதான். சனிக்கிழம உங்களுக்கு டூட்டி. வீட்டுல தனியா என்ன செய்றது?"

"எத்தன வருசமா?"

"கல்யாணத்துக்கு மறுவருசத்துலேருந்து."

பதினோரு வருடம்! டிக்கெட் இல்லாதவனை ஊர் முழுக்கத் துரத்தினேன். இவள் டிக்கெட் எடுத்துக்கொண்டே என்னை ஏமாற்றியிருக்கிறாள்.

"இது பச்ச ஏமாத்து வேல!" என்று கத்தினேன்.

"ஆமாங்க" என்றாள், என் கண்ணையே பார்த்து. "ஏமாத்து வேலதான்."

விடுவிடுவென்று பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். நாலு நாள் அவளோடு பேசவில்லை. முதலில் பிடிபட்டவன் நான் என்பதால் பந்தயப்படி அடுப்படி எனக்கு; பேசாமலே சமைத்தேன். பேசாமலே கையைச் சுட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் மீன் குழம்பு அடிப்பிடித்து, ஆத்திரத்தில் கரண்டியை விட்டெறிந்தபோது, கூடத்தில் தமிழ்ப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெட்ரீசியா தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"சனிக்கிழம புதுப் படம் வருதுங்க. காலைக் காட்சிக்கு ஒங்களுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துர்றேன். சமையல மட்டும் பத்து மணிக்குள்ள முடிச்சுருங்க."