கிரைண்டருக்குள் காடு

எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தேன். பயப்பட வேண்டாம், சன்னியாசம் இல்லை. விளையாட்டில்தான்.

ஈக்காட்டுத்தாங்கலில் பம்பு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். வீடு மயிலாப்பூரில், மாடி போர்ஷன். மனைவி அன்புக்கரசிக்கு தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை, பட்டுச்சேலைப் பிரிவு. எனக்கு ஞாயிறு விடுமுறை. அவளுக்குச் செவ்வாய். எங்கள் தாம்பத்தியம் இத்தனை வருஷம் நிலைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கல்லூரி நாட்களில், கையில் பிடித்து ஆடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்றில், ராட்சத மிருகங்களை வேட்டையாடும் விளையாட்டு ஆடியிருக்கிறேன். வேட்டை என்பது பெயருக்குத்தான். வாரக்கணக்கில் மிருகமே வராது. கிராமத்துத் தலைவர் கூப்பிட்டு, போய் மூலிகை பறித்து வா என்பார். பறித்து வந்தால் காளான் என்பார். காளானுக்கு அப்புறம் தேன். கையில் துருப்பிடித்த கத்தி. நாலு வெட்டு வெட்டினால் உட்கார்ந்து சாணை பிடிக்க வேண்டும். மருந்து குடித்தால் நம் ஆள் புஜத்தை மடக்கிக் காட்டி அழகாக நிற்பான். அந்த நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி வந்து முட்டும். இதெல்லாம் போக, ஒரு பெரிய முட்டையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மலையிலிருந்து முகாம் வரை நடந்து வர வேண்டும். ஓடக் கூடாது. தடுக்கினால் முட்டை போச்சு. லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து மூன்றாவது மாடிக்கு ஏற்றியவர்களுக்குத்தான் அந்த அருமை புரியும்.

அதே விளையாட்டு இப்போது புதிதாக வருவதையும் பார்த்தேன். உள்ளே நுழைந்ததுமே சவாரி செய்ய ஒரு பறவையைக் கொடுத்துவிடுகிறார்கள். பக்கத்தில் போனாலே மூலிகை தானாகப் பைக்குள் வந்து விழுகிறது. மிருகம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பறவையே கூட்டிப் போய்க் காட்டுகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் கையோடு தாலியும் கொண்டுவந்த மாதிரி.

கீழ் போர்ஷன் துரைராஜுக்கு கச்சேரி ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை. அவர்தான் பழைய பெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்தார். அதை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் பெரிய யோசனையாக இருந்தது. வீட்டில் அன்புக்கரசியின் கை படாத இடம் ஒன்றே ஒன்று. கிரைண்டர். அது ஓடாது. சரிபண்ணித் தருகிறேன் என்று நான் சொல்லி வெகுநாள் ஆகிறது. அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். நம்பிக்கை இழந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கல்லுக்கு நடுவே பெட்டியை வைத்து மூடினேன்.

ஞாயிறுகள் சொர்க்கமாகப் போயின. அவள் காலையிலேயே சமைத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போவாள். நான் காட்டுக்குப் போவேன். மூலிகை, காளான், தேன். ஒரே ஒரு குறை. துரைராஜிடம் போனேன்.

"துரை, செவ்வாக்கெழமையானா பேட்டரி எறங்கிடுது."

"இன்னா நைனா சொல்ற? பேட்டரிக்கு கெழம தெரியுமா?"

"திங்கக்கெழம கம்பெனியில ஃபுல்லா சார்ஜ் போட்டு எடுத்தாறேன். செவ்வா சாயங்காலம் பாத்தா செத்துக் கெடக்குது."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புச்சு பேட்டரி. நல்லாத்தான் கீது. வூட்ல வேற யார்னா ஆடிக்கினு கீறாங்களா?"

"அன்புவைத் தவிர வேற யாரு இருக்கா?"

துரைராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். "செவ்வா தோஷமா இருக்கும் நைனா. வுடு," என்றார்.

மாட்டிக்கொண்டது ஒரு ஞாயிறு காலையில். அவள் கிளம்பும்வரை பொறுக்க முடியாமல் பெட்டியோடு குளியலறைக்குள் போயிருந்தேன். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன்.

"உள்ள இன்னாங்க சத்தம்?"

"வயிறு சரியில்ல அன்பு."

"வயிறு இப்டி உறுமுமா?"

"நேத்து சுண்டல் சாப்ட்டது."

"சுண்டலுக்கு ரெக்க வேற அடிக்குதே."

கதவைத் திறந்தேன். லுங்கியில் பை கிடையாது. அவள் பெட்டியை வாங்கி, முந்தானையில் ஜரிகை பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது இன்னாது?" என்றாள். ஒன்றுமே தெரியாத குழந்தை கேட்பது போல இருந்தது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"இத வெறும் வெளையாட்டுன்னு நெனைக்காத. பொறுமைக்குப் பயிற்சி."

"பொறுமையா? உங்களுக்கா? இட்லி வேகறதுக்குள்ள பத்து வாட்டி மூடியத் தொறந்து பாக்கற ஆளு நீங்க."

"அது பசி."

"சிக்னல்ல பச்ச வுழறதுக்குள்ளயே முன்னாடி நிக்கிறவனத் திட்டுவீங்க."

"அது சென்னை."

"செரி, இதுல இன்னா பண்ணணும்?"

"மூலிகை பறிக்கணும்."

"அப்பறம்?"

"காளான். தேன். எடுத்தவுடனே எல்லாத்தையும் குடுத்துட்டா அருமை தெரியாது அன்பு. ஆரம்பந்தான் இதுல அழகே."

"ஆரம்பம் செரி. அப்பறம் இன்னா வரும்?"

"பஸ் போயிடப் போவுது, பாரு," என்றேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இவளையே ஆட வைத்தால்? மூலிகை பறித்து முடிப்பதற்குள் தூக்கிப் போட்டுவிடுவாள். ஐயோ பாவம், மனுஷன் இதையா ஆடுகிறான் என்று இரக்கம் வரும். ஞாயிறு நிரந்தரமாக எனக்கு.

"நீயும் ஆடிப் பாரேன்."

"எனக்கு இதெல்லாம் வருமா?"

"நான் சொல்லித் தர்றேன்."

"அப்ப ஒரு பந்தயம். அலுத்துப்போச்சுன்னு நான் சொன்னா, ஞாயித்துக்கெழம முழுக்க உங்களுது. நான் வாயே தொறக்க மாட்டேன். ஆனா நீங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும். நடுவுல 'சீக்கிரம்'னு ஒரு வார்த்த வந்துச்சு, ஞாயித்துக்கெழம சமையக்கட்டு உங்களுது. என் டிபன் பாக்ஸோட."

உடனே ஒத்துக்கொண்டேன். ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டேன். கல்யாணக் கூட்டம் ஒன்று எதிரே வந்து உட்கார்ந்தால் இவள் ஒரு அலமாரிச் சேலையைப் பிரித்துப் போடுவாள். வேற கலர் என்பார்கள். இதே கலரில் பார்டர் சின்னதாக என்பார்கள். முதலில் காட்டினதைக் காட்டு என்பார்கள். கடைசியில், பக்கத்துக் கடையில் பார்த்துவிட்டு வருகிறோம் என்று எழுந்துபோவார்கள். இவள் சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் மடித்து வைப்பாள். இப்படிப்பட்டவளோடு நான் பொறுமையில் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். மேனேஜரிடம் குடும்ப விஷயம் என்றேன். பொய் இல்லை.

புதிதாக ஆரம்பித்தாள். வேட்டைக்காரிக்கு முகம், முடி, புருவம் தேர்ந்தெடுக்க வேண்டும். புருவத்துக்கே காபி ஆறிவிட்டது. "இதே புருவம், கொஞ்சம் லைட்டா காட்டுமா?" என்றாள். நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

கிராமத்துத் தலைவரிடம் பேசினாள். திரும்பவும் பேசினாள். இன்னொரு முறையும் போனாள்.

"அவரு சொன்னதையேதான் சொல்வாரு அன்பு."

"எங்க கஸ்டமரும் அப்டித்தான். அதுக்காகப் பேசாம போயிட முடியுமா?"

காட்டுக்குப் போனாள். ஒரு செடி விடவில்லை. திரும்பி வந்து பெட்டகத்தில் மூலிகையை மூலிகையோடும் காளானைக் காளானோடும் நிறவாரியாக அடுக்கினாள். மீன் பிடித்தாள். இறைச்சியைச் சுட்டாள். நான் எப்போதும் கருக்கிவிடுகிற இறைச்சி இவளுக்கு முதல் தடவையே பொன்னிறமாக வந்தது. குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் தாண்டியது. முட்டையை அணைத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கினாள். புதருக்குள்ளிருந்து அது வந்தது. ராட்சதப் பல்லி. இந்த விளையாட்டின் முதல் பெரிய மிருகம்.

"வந்துடுச்சு."

"பாத்தேன்."

"முட்டையப் போட்டுட்டு கத்திய எடு."

"ஒடஞ்சிடாது?"

"உயிரு போயிடும் அன்பு!"

"முட்டைக்குள்ளயும் உயிருதான கீது?"

ஒரு பாறைக்குப் பின்னால் நின்றாள். பல்லி போகிற வரைக்கும் நின்றாள். வண்ணத்துப்பூச்சி பார்த்தாள். முட்டையை முகாமில் சேர்த்துவிட்டு நேராகப் பல்லி நின்ற இடத்துக்கே வந்தாள். அப்பாடா என்று நிமிர்ந்தேன். பல்லிக்குப் பக்கத்து மரத்தில் தேன்கூடு. குனிந்து தேன் எடுக்க ஆரம்பித்தாள். பல்லி வாயைத் திறந்தது. அவள் தேன் எடுத்தாள். பல்லி பின்வாங்கிப் பாயத் தயாரானது.

"இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கினு கீது பாருங்க, தேனு."

"அடி! அத அடி! சீக்கிரம்!"

பல்லிகூட ஒரு கணம் நின்றதாக ஞாபகம். அன்புக்கரசி பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"டிபன் பாக்ஸுக்கு சாம்பார் சாதம் போதும்," என்றாள். "அப்பளம் தனியா பேப்பர்ல சுத்தி."

அடுத்த ஞாயிறு காலை, அவள் கடைக்குக் கிளம்பும் முன், சமையலறையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஓர் உறுமல் கேட்டது. எனக்குத் தெரிந்த உறுமல் இல்லை. கத்தியோடு ஓடினேன்.

திரையில் வானம் ரத்தச் சிவப்பு. எங்கள் தெரு நீளத்துக்கு வாலோடு ஒரு கரும்பூதம். அதன் எதிரே ஒரு வேட்டைக்காரி. போன செவ்வாய்க்காரி இல்லை. உடம்பெல்லாம் நான் கண்டே இராத மிருகங்களின் செதிலால் தைத்த கவசம். ஆளைவிட உயரமான வாள். அன்புக்கரசி ஒரு கையால் நெற்றி முடியை ஒதுக்கினாள். பூதம் சாய்ந்தது.

"இது எந்த எடம்?"

"கடைசி."

"கடைசின்னா?"

"இதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"எப்பலேந்து ஆடற நீ?"

"செவ்வாக்கெழமயானா ஆடுவேன். கிரைண்டர சரிபண்ணிட்டீங்களான்னு வாரா வாரம் தொறந்து பாப்பேன். ஒரு வாரம் கல்லுக்கு நடுவுல இது கெடந்துச்சு. ஆட்டத்தத் தொறந்தா ஆடறவங்க பேரு வரிசையா வருதுல்ல, நீங்க மேல கெடக்கிற உங்க பேர மட்டும் அமுக்கிட்டு உள்ள போயிடுவீங்க. கீழ என் பேரு கீது, பாத்ததே இல்ல."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க," என்றாள், தாழ்ந்த குரலில். "ஆரம்பந்தான் அழகுன்றீங்களே. அந்த மொத பல்லியத் தாண்டி நீங்க போனதே இல்லதான?"

வெங்காயம் கண்ணைக் கரித்தது. பேச்சை மாற்றினேன். "பருப்பு வெந்துடுச்சு. சாம்பாரத் தாளிச்சிட்டு வந்துடறேன்."

"தாளிக்கறதா? எடுத்தவுடனே எல்லாத்தையும் குடுத்துட்டா அருமை தெரியாதுங்க. மொதல்ல வெங்காயம். அப்பறம் பூண்டு. அப்பறம் புளி. தாளிக்க நானே வர்றேன்."

இப்போது நான் வெங்காயத்தில் இருக்கிறேன். ஒழுங்காக உரித்தால் பொங்கலுக்குள் பூண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.